பொலிபியஸ் ரோமின் துதிபாடியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பண்டைய வரலாற்றாசிரியர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸுக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவரை நாற்பது புத்தகம் எழுதிக் குவித்தவர், உபதேசி, ரோமாபுரியின் துதிபாடி என்று அந்தப் பத்தி முடித்துவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த நாற்பது. அது ஒரே வரலாறு, 40 பாகங்கள். அவற்றில் முழுதாக நம் கைக்கு வந்தவை முதல் 5 மட்டுமே. மிச்சமெல்லாம் பிறர் வெட்டி வைத்த துண்டுகள். 17ஆம் பாகத்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் பழைய வரலாறுகளை 53 தலைப்புகளில் பிரித்துத் தொகுக்கச் செய்தார். தூதுக்குழுக்கள், நற்குணமும் தீக்குணமும், சதிகள், கருத்துரைகள் என்று தலைப்புகள் போகும். பிந்தைய பாகங்களில் பெரும்பங்கு இந்தத் தொகுப்பு வழியாகத்தான் பிழைத்தது. கருத்துரைகளுக்காக வெட்டியவர்கள் சம்பவத்தை விட்டுவிட்டு அதன் கடைசியில் இருந்த நீதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பொலிபியஸ் உபதேசம் செய்யாதவர் அல்ல, நிறையவே செய்வார். ஆனால் நாம் படிப்பதில் உபதேசத்தின் விகிதம் அவர் வைத்ததல்ல.

அடுத்தது துதிபாடிப் பட்டம். அவர் ரோமுக்கு விரும்பிப் போனவரல்ல. மெகலோபோலிஸ் ஊர்க்காரர். தந்தை லைகோர்ட்டஸ், கிரேக்க நகரங்கள் பல சேர்ந்த அக்கேயக் கூட்டமைப்பின் தலைமைத் தளபதியாக இருந்தவர். மகன் அதே கூட்டமைப்பின் குதிரைப்படைத் தலைவர். கி.மு. 168இல் பிட்னா போரில் மாசிடோனியா வீழ்ந்த பிறகு, விசுவாசத்தில் சந்தேகம் என்று சொல்லி ரோம் பிடித்துக்கொண்டுபோன 1000 அக்கேயர்களில் அவரும் ஒருவர். விசாரணை நடக்கவே இல்லை. கி.மு. 150இல் விடுதலை வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர்.

இடையில் கி.மு. 162இல் அவர் செய்த காரியத்தைத் துதிபாடி எவனும் செய்யமாட்டான். ரோமின் ஆட்சி மன்றமான செனட் பிணையாக வைத்திருந்த சிரியா இளவரசர் டெமெட்ரியஸ் தப்பிப்போக ஆலோசனை சொன்னவர் இவர். தீர் நகரத்துக்குக் காணிக்கை கொண்டுபோகும் கார்தேஜியக் கப்பல் ஒன்று டைபர் முகத்துவாரத்தில் நின்றது. பயணத்துக்கு அதை ஏற்பாடு செய்தவர் எகிப்தியத் தூதராக வந்திருந்த மெனில்லஸ். புறப்படும் இரவில் இளவரசர் விருந்தில் உட்கார்ந்து குடித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வார் என்ற பயம் பொலிபியஸுக்கு. பொலிபியஸோ நோயில் படுத்திருந்தார். எச்சரிக்கும் கவிதை வரிகள் சிலவற்றை எழுதி முத்திரையிட்டு ஆள் மூலம் அனுப்பினார். கையெழுத்தில்லாத சீட்டு அது. டெமெட்ரியஸ் உடனே புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். இவ்வளவையும் 31ஆம் பாகத்தில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ரோமத் தளபதி ஸ்கிபியோ எமிலியானஸின் ஆசானாகவும் நண்பராகவும் இருந்தது உண்மை. கி.மு. 146இல் கார்தேஜ் எரிந்தபோது ஸ்கிபியோவின் பக்கத்தில் நின்றதும் உண்மை. அதே ஆண்டு கொரிந்து சூறையாடப்பட்டபோது, புகழ்பெற்ற ஓவியங்களைத் தரையில் போட்டு ரோமச் சிப்பாய்கள் அவற்றின்மேல் காய் உருட்டியதைப் பார்த்து எழுதியவரும் அவர்தான்.

எழுத்து வறட்சி என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கப்போவதில்லை. கடைசிவரை யாராலும் படிக்க முடியாத எழுத்தாளர்கள் என்று ஹாலிகார்னஸஸ் ஊர் டயோனிசியஸ் என்ற பண்டைய விமர்சகர் போட்ட பட்டியலில் பொலிபியஸ் இருக்கிறார். ஆனால் அந்த வறட்டு நடைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். அலெக்சாந்தர் பாரசீகரோடு மோதிய இஸ்ஸஸ் போரில் பாரசீகரின் 30,000 குதிரை வீரர்கள் ஆற்றங்கரையில் அணிவகுத்ததாக வரலாற்றாசிரியர் கல்லிஸ்தெனஸ் எழுதினார். மலைக்கும் கடலுக்கும் நடுவே 14 ஸ்டேடியம் (கிரேக்க நீள அளவு) இடம் என்றும் அவரே எழுதினார். பொலிபியஸ் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். குதிரைப்படை சண்டையில் ஆழம் அதிகபட்சம் 8 வரிசை. அணிகள் திரும்புவதற்கு, ஒவ்வோர் அணிக்கும் பக்கத்தில் அதன் அகலத்துக்குச் சமமான இடைவெளி வேண்டும். அப்படியானால் ஒரு ஸ்டேடியத்தில் 800 பேர், 14இல் 11,200 பேர். மீதி ஆட்கள் எங்கே நின்றார்கள்?

10ஆம் பாகத்தில் வரும், தீவட்டி காட்டித் தொலைவுக்குச் செய்தி அனுப்பும் தீவட்டி அஞ்சல் இன்னும் சுவையானது. முன்பு ஏனியாஸ் என்ற போர்க்கலை நூலாசிரியர் சொன்ன முறையில் இரு முனையிலும் ஒரே அளவான மண் ஜாடிகள்: 3 முழ ஆழம், 1 முழ அகலம். உள்ளே மிதக்கும் தக்கையில் நட்ட கோலை மூன்று விரற்கடைக்கு ஒரு கோடு போட்டுப் பிரித்து, ‘குதிரைப்படை வந்தது’, ‘கப்பல்கள்’ என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பார்கள். தீவட்டி காட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் நீரைத் திறந்துவிட வேண்டும். சொல்ல வேண்டிய செய்தி ஜாடி வாய்க்கு இறங்கியதும் மறுபடி தீவட்டி. உடனே அடைக்க வேண்டும். துளைகள் துல்லியமாக ஒத்திருந்தால் இது வேலை செய்யும். கோலில் எழுதாதது நடந்தால்? எத்தனை குதிரை, எந்த ஊர் என்பதை எப்படிச் சொல்வது?

அதனால் கிளியோக்சினஸ், டெமொக்ளைட்டஸ் என்ற இருவர் கண்டதைத் தான் செம்மைப்படுத்தியதாகச் சொல்லி வேறு வழி தருகிறார். கிரேக்கத்தின் 24 எழுத்துகளை ஐந்தைந்தாக 5 பலகைகளில் எழுத வேண்டும். கடைசிப் பலகையில் நான்குதான். இரு தீவட்டி தூக்கினால் தயாரா என்று கேள்வி. எதிர்முனையும் இரண்டு தூக்கினால் தயார். பிறகு இடப்பக்கத் தீவட்டிகளின் எண்ணிக்கை பலகையையும், வலப்பக்க எண்ணிக்கை அதில் எத்தனையாவது எழுத்து என்பதையும் காட்டும். பத்தாவது எழுத்தான ‘கப்பா’வுக்கு இடத்தில் 2, வலத்தில் 5. இடம் வலம் குழம்பாமலிருக்க இரு துளைக் குழாய் வழியே பார்க்க வேண்டும். பத்தடி நீளம், ஆள் உயரத்தில் இருபுறமும் மறைப்பு வேண்டும்; இல்லாவிட்டால் தாழ்த்திய தீவட்டியும் தெரிந்து எண்ணிக்கை பிசகும். செய்தியையும் முதலில் சுருக்கிக்கொள்ளச் சொல்கிறார். ஐந்துக்கு ஐந்து கட்டமாக மறைகுறியீட்டுப் பாடங்களில் இன்றும் இவர் பெயரில் இருப்பது இதுதான்.

அவரைக் குறை சொல்ல வேண்டுமானால் சரியான இடம் வேறு. அக்கேயரின் எதிரிகளான ஏட்டோலியர் என்றாலே அவர் பேனா நிதானம் இழந்துவிடும். மாண்டினியா மக்களை அக்கேயக் கூட்டணி அடிமைகளாக விற்றதை இரக்கத்தோடு எழுதிய வரலாற்றாசிரியர் ஃபைலார்க்கஸைத் திட்டித் தீர்த்துவிட்டு, அவர்களுக்கு அது தகும் என்று வாதாடுகிறார். சொந்தக் கட்சிக்காகச் செய்த அந்த வக்காலத்தைக் கட்டுரை எடுத்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி: ஹன்னிபால் வரும் 3ஆம் பாகத்தில் தொடங்கி, இஸ்ஸஸ் கணக்கு வரும் 12க்குப் போய், ரோம அரசியலமைப்பைப் பேசும் 6ஐக் கடைசியில் எடுங்கள். 6ஆம் பாகத்தை மட்டும் படிப்பவர்களும், ரோம் உட்பட எந்த அரசமைப்பும் கெட்டழியும் என்று அவர் சொல்லும் பக்கங்களைத் தாண்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்