உன் சைக்கிளுக்கு ஒரு பை

காத்ர் போர்ன், மொரீஷியஸ்,
ஜூலை, ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, போன வெள்ளிக்கிழமை மலையடிக் கோயிலுக்குத் தானே நடந்து போய் வந்தார். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டதால் ரோடெங்கும் லாரிதான். இங்கே மோக்காவில் நாம் தமிழ் படித்த நாட்களில் கம்பிக்கூடையில் புத்தகமும் சாப்பாட்டு டப்பாவுமாக நீ சைக்கிளில் வந்து இறங்குவது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நீ உங்கள் ரீயூனியன் தீவில் சேன்ட் ஆந்த்ரேயிலிருந்து எரிமலைக் கரையோரமாக சேன்ட் பியேர் வரை இரண்டு நாள் போகப்போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

எந்தப் பை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். முதுகில் மாட்டும் பை மட்டும் வேண்டாம். இங்கே மாஹேபூரிலிருந்து லெ மோர்னுக்கு முதல்முறை போனபோது நான் அதைத்தான் மாட்டிக்கொண்டேன். ஐந்து கிலோ இருந்திருக்கும். சூயாக் வருவதற்குள் தோள் இறுகிவிட்டது. குனிந்து ஓட்டும்போது முதுகில் இருக்கும் எடை கழுத்துக்கும் உள்ளங்கைக்கும் இறங்குகிறது. வியர்வை வேறு. பே து காப்பில் கடலைப் பார்த்து உட்கார்ந்து பையைத் திறந்தால் மாற்றுச் சட்டை மழையே இல்லாமல் நனைந்திருந்தது. எடையை உடம்பு சுமக்கக் கூடாது, சைக்கிள் சுமக்கட்டும்.

அடுத்து, சீட்டுக்குப் பின்னால் நீளமாக நிற்கும் பை ஒன்று வாங்கினேன். ஷமரேல் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது நாய் வால் மாதிரி இரண்டு பக்கமும் ஆடியது. ஸ்பேனரையும் டியூபையும் வால் முனையில் திணித்திருந்தேன், தப்பு அதுதான். கனமானது சீட்டுக் கம்பியை ஒட்டி இருக்க வேண்டும், துணிமணி வால் பக்கம் போகலாம். வாரையும் நன்றாக இழுத்துக் கட்ட வேண்டும். உன் சைக்கிள் பிரேம் சிறியது என்று ஞாபகம். பின் டயருக்கும் பைக்கும் நடுவே நாலு விரல் இடமாவது இருக்கிறதா என்று பார். குழியில் இறங்கும்போது டயர் உரசினால் ஒரே நாளில் பையின் அடி கிழிந்துவிடும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பையை விற்றவர் தண்ணீரே போகாது என்றார். கியூர்பிப் மழையில் அரை மணி நேரம் போனதும் உள்ளே எல்லாம் ஈரம். துணி தாங்கியது, ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் இறங்கிவிட்டது. தையல் போடாமல் சூட்டில் ஒட்டிய பையாக, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிப் பூட்டுவதாகப் பார்த்து வாங்கு. விலை கூடினால் சாதாரணப் பை போதும், துணியையும் பாஸ்போர்ட்டையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வை. நீ போகும் சேன்ட் ரோஸ் பக்கம் காற்று கடலிலிருந்து நேராக வந்து மழையைக் கொட்டும் கரை. அங்கே இதில் அசட்டை கூடாது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கொண்டுபோகும் சாமானை எல்லாம் தரையில் பரப்பு. இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பு, ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்ப், திருகு கழற்றும் சாவிகள், மழைக்கோட்டு, ஒரு செட் துணி, மருந்து. ராத்திரி விடுதியில் தங்கப்போகிறாய், கூடாரம் வேண்டியதில்லை. எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொள்ளும் பையைத் தாண்டாது. நான் இதைச் செய்யாமல் பெரிய பையை வாங்கி, போட்டே பார்க்காத சட்டைகளை லெ மோர்ன் வரை சுமந்தேன்.

கனமானதை எல்லாம் பிரேம் நடுவில் உள்ள முக்கோணத்தில் தொங்கும் பையில் வை. எடை தாழ்வாக, நடுவில் இருந்தால் சைக்கிள் பிடித்த பிடியில் நிற்கும். அந்த முக்கோணத்தின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போ. தண்ணீர் பாட்டிலை உருவ இடம் இருக்க வேண்டும், பை புடைத்து முழங்காலில் உரசவும் கூடாது. 2007இல் எரிமலைக் குழம்பு ரோட்டைக் கடந்து கடல் வரை ஓடிய இடத்தைத் தாண்டப்போகிறாய். அங்கே கடை தேடி அலைய முடியாது, தண்ணீரைக் கூடுதலாகவே வைத்துக்கொள்.

இன்னொன்று. நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, உங்கள் தீவில் வலப்பக்கம். ஓரமாக நின்று பையைத் திறக்கும்போது நீ புல் பக்கம் நிற்க வேண்டும், லாரி பக்கம் அல்ல. நான் பார்த்த பிரேம் பைகளில் பெரிய ஜிப் வலப்பக்கம்தான். எனக்கு அது தொந்தரவு, உனக்குத் தோதாக இருக்கும்.

ஹேண்டிலில் மாட்டும் பை சின்னதாகவே இருக்கட்டும். இறங்காமல் கைக்கு எட்ட வேண்டியதுதான் அதில்: போன், பணம், தின்பண்டம். என் பையில் எப்போதும் காத்தோ பிமா என்ற காரப் பருப்புப் பலகாரம் இருக்கும். பாட்டி அதைக் கடைசி வரை வடை என்றுதான் சொல்வார். பிரேக் கம்பி மடங்காமலும் முன்விளக்கு மறையாமலும் கட்டு.

கேரியரில் இருபுறமும் தொங்கும் பைகள் ஒரு வாரப் பயணத்துக்கு நல்லவை. நம் கிழக்குக் கரையில் தெற்கே பார்த்து வரும்போது எதிர்க்காற்று அவற்றைப் பிடித்துத் தள்ளியது இன்னும் என் தொடையில் இருக்கிறது. இரண்டு நாளுக்கு உனக்கு அவை வேண்டாம்.

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மோசமான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார். அப்புறம், என் பழைய பிரேம் பை கொல்லைப்புறத்தில் சும்மா தொங்குகிறது. அடுத்த மாதம் தங்கை அங்கே வருகிறாள், கொடுத்தனுப்பட்டுமா? உன் முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் அளந்து சீக்கிரம் எழுது.

உன் பழைய
வகுப்புத் தோழன்