திமிங்கலத்தின் மூச்சு எந்தப் பக்கம் சாய்ந்தது, மாமா?

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சென்ற தை மாதம் காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை என்னை உங்கள் ஃபைபர் படகில் அழைத்துச் சென்றதை நான் மறக்கவில்லை. கழித்து வீசிய பொடிமீனுக்காகப் படகின் பின்னால் வந்த பறவைகள் அனைத்தையும் நீங்கள் கடற்காகம் என்றே சொன்னீர்கள். உண்மையில் அவற்றில் இரு இனத்தார் இருந்தனர். நீர்மட்டத்தில் அமர்ந்து பொறுக்கியவை கடற்காகங்கள். மேலேயே நின்று சிறகடித்து, தலைகீழாக நீரில் பாய்ந்தவை ஆலாக்கள். அலகு மஞ்சளாக இருந்தால் பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சாக இருந்தால் சிறிய கொண்டை ஆலா.

ஒரு கடற்காகம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது நினைவிருக்கிறதா? வெளிறிய கண், சிவந்த அலகு, கரிய சிறகு நுனியில் சுண்ணாம்பு வைத்தாற்போல் ஒரு வெள்ளைப் பொட்டு. அது பழுப்புத்தலைக் கடற்காகம். பெயரில் உள்ள பழுப்பை நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் தேடினால் கிடைக்காது. தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டுமே மிஞ்சியிருக்கும். திபெத்து போன்ற மேட்டுநிலங்களுக்கு முட்டையிடத் திரும்பும் முன்தான் தலை பழுப்பாகும். ஆகவே தலையை விட்டுச் சிறகு நுனியைப் பாருங்கள்.

ஆனால் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது நீங்கள் ஆழ்கடலில் கண்ட திமிங்கலம். "பெரிசு, கறுப்பு" என்று மட்டும் சொன்னீர்கள். கடலில் எதுவும் தொலைவில் கறுப்பாகத்தான் தெரியும். முதலில் அது பீய்ச்சும் மூச்சைக் கவனிக்க வேண்டும்: முன்னோக்கி இடப்பக்கமாகச் சாய்ந்து புதர்போல் விரிந்தால் அது ஸ்பெர்ம் திமிங்கலம், ஏனெனில் அதன் மூக்குத்துளை தலையின் நுனியில் இடப்புறமாக அமைந்துள்ளது. தென்னைபோல் நெட்டுக்குத்தாக எழுந்து, நெடுநேரம் கழித்தே சிறிய முதுகுத்துடுப்பு தெரிந்தால் நீலத் திமிங்கலமாக இருக்கலாம். தலைமேல் மூன்று வரப்புகள் ஓடினால் பிரைட்ஸ் திமிங்கலம். மூழ்கும்போது அது வாலைத் தூக்குவது அரிது, ஸ்பெர்ம் திமிங்கலமோ பெரும்பாலும் தூக்கிக் காட்டும். வால் கிடைமட்டமாக இல்லாமல் செங்குத்தாக நின்றால் அது திமிங்கலமே அல்ல, புள்ளிகள் நிறைந்த திமிங்கலச் சுறாவாக இருக்கக்கூடும்.

இவற்றில் எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால் வெறும் "திமிங்கலம்" என்று சொல்லுங்கள், போதும். தவறான பெயரைவிட அது நூறு மடங்கு மேல். அருகே போக இஞ்சினை முடுக்க வேண்டாம்.

அன்று கண்டதன் மூச்சு சாய்ந்திருந்ததா, நேராக இருந்ததா? நினைவிருந்தால் கரை வந்ததும் ஃபோனில் சொல்லுங்கள், மாமா.

அன்புடன்,
உங்கள் மருமகன்