கியர்பாக்ஸ் மவுண்ட் செய்து கொடுத்த கைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பட்டறை அண்ணன்களுக்கும் உடன் நின்ற நண்பர்களுக்கும், வணக்கம்.

மாற்று எஞ்சின் ஏறி வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அடியில் படுத்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற, கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டை யாரும் கேட்பதில்லை. எனக்கோ அந்த இரும்புத் துண்டுதான் இந்த வேலையின் உயிர். கடையில் விற்காத அதை நீங்கள்தான் உருவாக்கிக் கொடுத்தீர்கள். எல்லாரும் அறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

புது கியர்பாக்ஸ் பழையதைவிட நீளம். எஞ்சின் மவுண்ட் இரண்டும் முன்னால் சரியாக உட்கார்ந்தன. ஆனால் கியர்பாக்ஸின் வால் பகுதி பழைய கிராஸ் மெம்பரை, அதாவது அடியில் குறுக்கே போகும் தாங்கு சட்டத்தை, தாண்டிப் போய், ஜாக்கியின் மேல்தான் நின்றது. அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு கிராஸ் மெம்பரும் மவுண்டும் வேண்டியிருந்தது.

வெல்டர் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. கோணம் பார்க்காமல் வெல்டிங் ராடைக் கையில் எடுக்க மாட்டேன் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றீர்கள். வண்டியின் எடை முழுக்கச் சக்கரங்களில் இறங்கிய பிறகுதான் டிஜிட்டல் ரசமட்டத்தை வெளியே எடுத்தீர்கள். கியர்பாக்ஸில் ஒரு அளவு, பின்னால் கிரவுன் பக்கத்தில், அதாவது பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியில், ஒரு அளவு. ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினீர்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் மடங்கும் இணைப்புதான் யுனிவர்சல் ஜாயின்ட். அது கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். முன் ஜாயின்ட் கெடுப்பதைப் பின் ஜாயின்ட் சரிசெய்ய வேண்டுமானால் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் ஏற ஏற வண்டியே அதிரும். ஜாயின்ட்டின் கோணம் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருப்பது நல்லது. பூஜ்யமும் ஆகாது. உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தித் தழும்பு விழுந்துவிடும்.

எஞ்சின் மவுண்டுக்கும் வால் மவுண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் தூரம் என்றால், வால் 17 மி.மீ. ஏறினாலோ இறங்கினாலோ ஏறத்தாழ ஒரு டிகிரி மாறிவிடும். இந்தக் கணக்கைச் சொல்லி, பின்னாளில் திருத்திக்கொள்ள வசதியாக மவுண்டுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே கழற்றிப் போடும் பட்டைத் தகடுகளுக்கு இடம் விட்டீர்கள் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் நெகிழ்கிறேன்.

மவுண்டின் நடுவே ரப்பரா, அதைவிட விறைப்பான பாலியூரித்தேனா, நேரடியாக இரும்பா என்று பேச்சு வந்தபோது அதைத் தீர்த்து வைத்தவர் நம் மூத்த மெக்கானிக் ஐயா. எஞ்சின் தரும் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர், முதல் கியரின் விகிதம் 3.5 என்றால் ஷாஃப்ட்டுக்கு 700 போகிறது. அதே 700 எதிர்ப்பக்கமாக எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும். முன்னால் ரப்பர் மவுண்டில் எஞ்சின் அசையும்போது பின்னால் மட்டும் இறுக்கிக் கட்டினால், அந்த அசைவு முழுக்க கியர்பாக்ஸின் அலுமினிய உறையில் மவுண்ட் மாட்டும் காதில் விழுந்து விரிசல் விடும் என்றீர்கள் ஐயா. அதனால் பின்னாலும் ரப்பரே. வண்டி இவ்வளவு அமைதியாக ஓடுவதற்கு நீங்கள்தான் காரணம்.

லேத் அண்ணனுக்கு நன்றி. சதுரக் குழாயில் வெறுமனே துளை போட்டு போல்ட்டை இறுக்கினால் குழாய் நசுங்கும், நசுங்கினால் இறுக்கம் நிற்காது. குழாயின் குறுக்கே நுழைந்து போல்ட்டைச் சுற்றித் தாங்கும் சிறு குழல்களான புஷ்களை அளவு பிசகாமல் கடைந்து கொடுத்தீர்கள். அட்டையை வெட்டி வெட்டி அச்சு எடுத்த தம்பிக்கும் நன்றி. சைலன்சர் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஆயில் டிரெயின் போல்ட் எல்லாவற்றுக்கும் வழி விட்டு அந்த அச்சை வரைந்தது உன் கண்தான். நாளைக்கு கிளட்ச் மாற்ற வேண்டி வந்தால் எதையும் அறுக்காமல் கியர்பாக்ஸ் கீழே இறங்க வேண்டும் என்று யோசித்ததும் நீதான். துளைகளை நீளவாக்கில் நீட்டச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று, கடைசிப் பொருத்தலில் முன்னே பின்னே நகர்த்த இடம் கிடைத்தது.

வெல்டிங் நடந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். பேட்டரியைக் கழற்றி, ரப்பரை எடுத்து வைத்து, எர்த் கிளிப்பை வெல்டிங் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, வண்டியில் இடம் மாறாமல் பிடிக்க வெறும் பொட்டு வெல்டுகள் மட்டும் வைத்தார் வெல்டர் அண்ணன். கரண்ட் கியர்பாக்ஸ் பேரிங் வழியாக ஓடிவிடக் கூடாதே என்ற அக்கறை. அப்புறம் கழற்றி வெளியே எடுத்து, தடித்த தகட்டில் போல்ட் போட்டுப் பிடித்து, அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆற விட்டு ஆற விட்டு வைத்தார். இழுத்துக்கொள்ளாமல் நேராக வந்தது. அவசரப்படுத்த ஆட்கள் சுற்றி நின்றும் அவர் அவசரப்படவில்லை.

டார்ச் பிடித்துக்கொண்டு அடியில் படுத்திருந்தவர்கள், கியர்பாக்ஸைத் தூக்கிப் பிடித்தவர்கள், கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தார், எல்லாருக்கும் என் வணக்கம். வண்டி ஓடிய பிறகு கூப்பிட்டு வரவழைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் மறுபடி சரிபார்த்து அனுப்பினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அட்டை அச்சும் அளவு எழுதிய தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதே வேலையில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் கேளுங்கள், தருகிறேன். கியர்பாக்ஸ் தூக்க ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், வருகிறேன்.

அன்பும் நன்றியும்,
உங்கள் வண்டிக்காரன்