அம்மாவுக்கு, இத்தாலியின் பலேர்மோவிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. தங்கச்சி ஃபோனில் ஏசின பிறகுதான் பேனையை எடுக்கிறேன், கோவிக்க வேண்டாம். நான் நல்ல சுகம், வேலையும் பரவாயில்லை. குளிர்தான் கொஞ்சம் கூட. பழைய கல்வீடு, வெளியை விட உள்ளே விறைக்கும். ஹீற்றர் இருக்கிறது, எனக்குத்தான் அந்தச் சூடு ஒத்துவராது.

மேல்வீட்டு மனிசியைப் பற்றி எழுதினேனே, பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிப் பாண் வாங்குகிறது, அது போன ஞாயிறு என்னைப் பிடித்துக்கொண்டது. மாதத்தின் முதல் ஞாயிறு, மியூசியத்துக்கு ரிக்கற் இல்லை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ என்று. மியூசியம் இருக்கிறது அபாதெல்லிஸ் மாளிகையில். அங்கே ஒரு மாதா படம், அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா என்ற ஓவியர் 1476ஐ ஒட்டிப் பலகையில் எண்ணெய்ச் சாயத்தால் வரைந்தது. உயரம் 45 சென்ரிமீற்றர்தான், எங்கள் சாமியறை முருகன் படத்தை விடச் சின்னன். இதற்கா இந்தக் குளிரில் வந்தோம் என்று நினைத்தேன். ஒளிவட்டம் இல்லை, தங்கப்பூச்சு இல்லை, யேசு பிறக்கப் போகிறார் என்று மாதாவிடம் செய்தி சொல்ல வந்த சம்மனசு, அதுதான் தேவதூதன், அதுகூட இல்லை. நீல முக்காட்டை இடக்கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி ஒரு பெண், முன்னால் விரித்த புத்தகம், வலக்கை மட்டும் கொஞ்சம் முன்னால் உயர்ந்து நிற்கிறது. சம்மனசு எங்கே என்று கேட்டேன். நீ நிற்கிற இடத்தில்தான் என்றது மனிசி.

அம்மா, அந்தக் கை. புட்டு அவிய வைத்திருக்கும்போது படலையில் யாராவது கூப்பிட்டால், சீலைத் தலைப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் 'பொறு, வாறன்' என்று காட்டுவீங்களே, அதேதான். எனக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது, தடிமன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வரும் வழியில் மனிசி அரஞ்சினா வாங்கித் தந்தது. சோற்றை உருண்டை பிடித்து, உள்ளே இறைச்சி வைத்துப் பொரிப்பது, பச்சைமிளகாய் போட்டால் எங்கள் ரோல்ஸுக்குக் கிட்ட வரும். டிசம்பர் 13ஆம் திகதி புனித லூசியா பெருநாள், இந்த ஊரில் பாண் தொடாமல் இதைத்தான் சாப்பிடுவார்கள். அன்றைக்குக் கூடை இறங்காது.

சரி, கிணற்றடிக் காணி விஷயம். மாமா கேட்டார் என்று ஒன்றிலும் கையெழுத்து வைக்க வேண்டாம், உறுதியைத் தங்கச்சி அலுமாரியில் பூட்டட்டும். அவளின் கலியாணக் காசு என் பொறுப்பு. தை என்று சொன்னேன், மாசி ஆகலாம், வேறு காரணம் ஒன்றுமில்லை. அப்புறம், அவளிடம் சொல்லி உங்கள் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள், பட்டுச்சீலை வேண்டாம், குசினியில் நிற்கிற மாதிரி. பெரியம்மாவின் கண் ஒப்பரேஷன் என்னாச்சு? எழுதவே இல்லையே.

உங்கள் மகன்