டிசம்பரில் வேண்டாம், ஜூனில் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் பறக்கும் குடும்பங்கள் பலவும் ஊட்டி மலை ரயிலையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன. ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையம் போன பிறகு, ‘மண்சரிவு, ரயில் ரத்து’ என்று தெரியவருகிறது. ரயில்வேயைத் திட்டிக்கொண்டே வாடகைக் காரில் மலையேறுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமற்றது. நாம் பார்த்து வைத்த மாதம்தான் பிழை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும். நம் பிள்ளைகளின் விடுமுறையோ நவம்பர் நடுவில் தொடங்குகிறது. நீலகிரியின் கிழக்குச் சரிவு இந்த மழையை நேராக வாங்கும் இடம். கல்லாறு நிலையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஏறுவதும் அதே சரிவில், குன்னூர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான். ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். மண் ஊறிவிட்டால் மேலே நிற்கும் பாறையும் மரமும் பாதையில்தான் வந்து விழும். 2009 நவம்பரில் விழுந்த சரிவுகளைச் சீர்செய்ய மாதக்கணக்கில் ஆனது.

‘கொஞ்சம் மண்தானே, அள்ளிப் போட்டுவிட்டு ஓட்டக்கூடாதா?’ என்று கேட்பவர்கள் அந்தப் பாதையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இதன் தண்டவாள அகலம் 1 மீட்டர். 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகாருக்கு வந்துகொண்டிருந்த மலாயா ரயிலுக்கும் அதே அகலம்தான். புக்கிட் தீமா பழைய நிலையத்தில் விட்டுவைத்திருக்கும் தண்டவாளத்தைப் பார்த்தாலே புரியும். ஆனால் கல்லாற்றுக்கு மேலே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரண்டு எஃகுச் சட்டங்கள் கூடுதலாக ஓடுகின்றன. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த சட்டத்தின் பள்ளம் வரும்படி தள்ளித் தள்ளிப் பதித்திருப்பார்கள். அதனால் எஞ்சினின் பல்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடி கிடைக்கும். ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஏறும் பாதையில் அந்தப் பிடி இல்லாவிட்டால் வழவழப்பான சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இரண்டு சட்டங்களுக்கும் இடையே உள்ள இடைவெளி 44 மில்லிமீட்டர். எலுமிச்சம்பழம் அளவு கல் ஒன்று அங்கே சிக்கிக்கொண்டாலும் பல்சக்கரம் சரியாகக் கவ்வாமல் மேலெழும்பக்கூடும். அடைமழையில் பற்களுக்குப் போட்ட மசகும் கழுவிப் போய்விடும். சரிந்த பாறை சட்டத்தை வளைத்துவிட்டால் நிமிர்த்திப் போட்டு ஓட்ட முடியாது. பல்லுக்குப் பல் அளவு பொருந்தும் துண்டை மாற்றியாக வேண்டும். ஆகவே ஒவ்வோர் அடியாகப் பார்த்து முடிக்கும்வரை ரயிலை விடமாட்டார்கள். அப்படித்தான் செய்யவும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போய்விட்டு, ‘மலை ரயிலில் போனோம்’ என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். அதுவும் அழகான பாதைதான். ஆனால் அங்கே இழுப்பது டீசல் எஞ்சின், பல்சட்டமும் கிடையாது. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த இந்தப் பாதையின் உயிர் கீழ்ப்பகுதியில், ஏறத்தாழ 19 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளும். எஞ்சினின் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக உருளைகள் (சிலிண்டர்கள்) இருக்கும். கீழ் உருளை சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அதில் வேலை முடித்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மேல் உருளைக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றுவார்கள். கல்லாறு தாண்டியதும் மேலும் கீழும் உள்ள தண்டுகள் எதிரெதிராக ஆடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். கொடி அசைவைப் பார்த்துக் கையால் பிரேக் போடுவது அவர் பொறுப்பு. பல் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. வழியில் தண்ணீர் பிடிக்கவும் நிற்கும். யானை குறுக்கே வந்தாலும் நிற்கும். இதைத் தாமதம் என்று கணக்குப் போடாதீர்கள்.

போக நினைப்பவர்கள் மார்ச் மாத ஒரு வார விடுமுறையையோ ஜூன் விடுமுறையையோ பாருங்கள். தென்மேற்குப் பருவமழையின் வேகம் பெரும்பாலும் மலையின் மேற்குப் பக்கத்தோடு அடங்கிவிடும். ஜூனில் தமிழகப் பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டமும் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து வழக்கமான ரயில் காலையில் ஒன்றுதான். 60 நாளுக்கு முன்பே பதிவு தொடங்கும், சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஊரில் உறவினர் இருந்தால் அவர்களைப் போடச் சொல்வது சுலபம். முதல்நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுங்கள், கோவையிலிருந்து விடியற்காலை ஓடிவருவது சிரமம். பெரிய சூட்கேஸ் வைக்கப் பெட்டியில் இடமில்லை. கழிவறையும் இல்லை, ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ 5 மணி நேரம். தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில் பிள்ளைகளை இறக்கிக் கூட்டிப் போய்விடுங்கள். ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் அதிகம்; தின்பண்டப் பையை வெளியே எடுக்காதீர்கள்.

டிசம்பரில்தான் போக முடியும் என்றால், மலையேறக் கார் ஏற்பாட்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இப்படிக்கு,
மலை ரயில் ஆர்வலர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்