ஐந்நூறு கார் செய்து லாபம் பார்க்கலாமா?

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் தயா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கண்டி வீதியில் புது இலக்கத் தகடுகள் தெரிகின்றன. ஆனாலும் தீர்வை எஞ்சினின் சிசி கணக்கில் ஏறுவதால் ஆயிரம் சிசி டொயோட்டா விட்ஸுக்கு மவுசு குறையவில்லை. நீ படம் அனுப்பிய ஜிஆர் யாரிஸ், அதாவது டொயோட்டாவின் சின்ன யாரிஸை ராலிப் பந்தயத்துக்காக மாற்றிய வேகக் கார், 1,618 சிசி. உப்புவெளிப் பக்கம் அதைப் பார்க்கக் கிடைக்காது.

கொரோலா விற்றுப் பிழைக்கிற டொயோட்டாவுக்கு, கொஞ்ச எண்ணிக்கையில் வேகக் கார் செய்கிற இந்த விளையாட்டு எதற்கு என்று கேட்டிருந்தாய். காரைத் தனியே எடுத்துக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கையைக் கடிக்கும். அதற்காகச் செய்த எஞ்சினை இன்னொரு காரிலும் பூட்ட வழி இருந்தால் மட்டும் கட்டுப்படியாகும்.

ஒரு பேச்சுக்கு, அந்தக் காருக்கென்றே செய்கிற தனி வேலைகளுக்கு 20 கோடி யூரோ என்று வை. 25,000 காருக்குப் பங்கிட்டால் ஒன்றின் தலையில் 8,000 யூரோ விழும். 2,500 காருக்கு என்றால் 80,000. இந்தச் செலவில் பெரும்பகுதி எண்ணிக்கையோடு குறையாது. தகடு அழுத்தும் அச்சு, மோதல் சோதனை, ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனிப் புகைச் சான்று, எஞ்சின் கணினியைச் சரிசெய்கிற மாதக்கணக்கான வேலை எல்லாம் 500 காருக்கும் வேண்டும், 50,000 காருக்கும் வேண்டும். உதிரிப்பாகம் தருகிறவனும் சின்ன ஓடருக்கு விலையை ஏற்றித்தான் சொல்வான். உற்பத்தி நின்ற பிறகும் அந்தப் பாகங்களை வருடக்கணக்கில் களஞ்சியத்தில் வைத்திருக்க வேண்டும். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஜிஆர் யாரிஸையே பார். முன்பாதி யாரிஸின் அடித்தளம், பின்பாதி கொரோலா வகை அடித்தளம். சாதாரண யாரிஸுக்கு ஐந்து கதவு, இதற்கு மூன்று. பொனட்டும் கதவுகளும் அலுமினியம், கூரை கார்பன் நார். காசைக் கொட்ட இதைவிட நல்ல வழி கிடையாது! ராலியில் ஓட அங்கீகாரம் வேண்டுமென்றால் அந்தக் காரை வீதிக்கும் செய்து விற்க வேண்டும். அதற்காக 25,000 கார் என்ற இலக்கோடு 2020இல் இறக்கினார்கள். ஆனால் 2021க்கென்று தயாரான போட்டிக் கார் பெருந்தொற்றில் கைவிடப்பட்டது. 2022இல் ராலி விதியே மாறிவிட்டதால் அந்த அங்கீகாரத்துக்கும் தேவை இல்லாமல் போனது.

பிறந்த காரணமே போன கார் எப்படித் தப்பியது? அதே மூன்று சிலிண்டர் எஞ்சினையும் நாலு சில்லு இழுவையையும் ஐந்து கதவு கொரோலாவில் பூட்டி, ஜிஆர் கொரோலா என்று விற்றார்கள். செலவு இரண்டு காருக்குப் பங்காகிவிட்டது. ஜப்பானில் இருக்கிற டொயோட்டாவின் மொட்டோமாச்சி ஆலையில் அவற்றைக் கட்டுகிற பகுதியில் கொன்வேயர் கிடையாது. தனித்தனி நிலையங்களுக்கு இடையே தானியங்கி வண்டிகள் உடலைக் கொண்டுபோகும். எண்ணிக்கை கூடிக் குறைந்தாலும் பெரிய லைன் குழம்பாது. டொயோட்டாவின் சொகுசுப் பெயரான லெக்சஸில் வந்த 500 எல்எஃப்ஏ ஸ்போர்ட்ஸ் கார்கள் கையால் கட்டப்பட்டதும் அதே மொட்டோமாச்சியில்தான்.

ஃபோர்ட் வேறு வழி போனது. 2016 கடைசியில் தொடங்கி 1,350 ஜிடி ஸ்போர்ட்ஸ் கார்களைத் தன் ஆலையில் கட்டாமல் கனடாவில் உங்கட மார்க்கம் நகரில் இருக்கிற மல்ட்டிமாட்டிக் என்ற கம்பனியிடம் கொடுத்தது. உன் வீட்டுப் பக்கத்திலேயே நடந்த வேலை, மச்சான்! சின்ன எண்ணிக்கைக்குப் பழகியவனிடம் கொடுப்பது புத்திதான். அதே ஃபோர்ட் ஐரோப்பாவில் தன் வேகக் காரான ஃபோக்கஸ் ஆர்எஸ்ஸின் அடுத்த பதிப்பை 2020இல் கைவிட்டது. கார்பன் விதியும் வரியும், குறைந்த எண்ணிக்கைக்காக மின்சார உதவி சேர்க்கும் செலவும்தான் காரணம். அங்கே கம்பனி விற்கிற கார்கள் கிலோமீட்டருக்கு விடுகிற கார்பன் டையொக்சைட்டின் சராசரி எல்லையைத் தாண்டினால் ஒரு கிராமுக்கு 95 யூரோ அபராதம், அதுவும் விற்ற ஒவ்வொரு காருக்கும். டொயோட்டாவிடம் ஹைபிரிட் குவிந்திருந்ததால் கிலோமீட்டருக்கு 186 கிராம் விடுகிற யாரிஸையும் அந்தச் சராசரிக்குள் மறைக்க முடிந்தது. இந்த வசதி இல்லாத கம்பனி தொடவே கூடாது.

‘பெயர் கிடைக்கும், மற்றக் கார்கள் விற்கும்’ என்ற வாதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மிட்சுபிஷியின் ராலிக் காரான லான்சர் ஈவோவுக்கு 1992 முதல் உலகம் முழுக்கப் பெயர். அதன் படத்தைச் சுவரில் ஒட்டியவன் எல்லாம் அதே கம்பனியின் சின்னக் காரான கோல்ட் வாங்கவில்லை. 2016இல் எரிபொருள் கணக்கில் செய்த தில்லுமுல்லு வெளியே வந்தபோது அந்தப் பெயர் கம்பனியைக் காப்பாற்றவுமில்லை. நிசான் 34 வீதப் பங்கை வாங்கியது.

சுசுகிதான் கெட்டிக்காரன். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்குத் தன் விட்டாரா காரில் ஏற்கெனவே இருந்த 1.4 லீட்டர் டேர்போ எஞ்சினை எடுத்துப் போட்டான். ஆரவாரம் இல்லை, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. நிசான் தன் வேகக் காரான ஜிடி-ஆரை 2007 முதல் 2025 வரை ஒரே உடலில் விற்று, செலவை 18 வருடத்துக்கு நீட்டியது. அதுவும் ஒரு வழி, பொறுமை இருந்தால்.

மகன் ஜிஆர் கொரோலா பார்க்கிறான் என்று எழுதியிருந்தாய். டீலர் பட்டியல் விலைக்கு மேல் கேட்டால் அது டொயோட்டாவுக்குப் போகிற காசு இல்லை, டீலரின் சட்டைப்பைக்குத்தான். பேரம் பேசச் சொல். பொனட், முன் மட்காட், பம்பர் இவை தனிப் பாகங்கள். அடிபட்டால் எவ்வளவு நாளில் வரும் என்று கேட்டுவிட்டு, காப்புறுதித் தொகையையும் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்து வைக்கட்டும்.

அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லு. பதில் போடு.

அன்புடன்,
சிவா