முப்பது நாள்களும் புதுக்கடைக்குப் போகும் வழியும்

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

அடிப்படை உரிமை மீறல் மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் வழங்கப்பட வேண்டும் என்று பாராளுமன்றத்தில் நீங்கள் வலியுறுத்த வேண்டும் எனக் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். எங்கள் காணிப் பிணக்குகளின் பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு புதுக்குடியிருப்பை அடுத்த எங்கள் வயலுக்குள் ஓர் அரச திணைக்களம் எல்லைக்கல் நாட்டியது. அம்மா முதலில் கிராம அலுவலரிடம் போனார். அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார். அங்கே காணிக் கிளைக்குப் பொறுப்பானவர் விடுமுறையில் இருந்தார். திரும்பி வந்தவர் அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியைக் கேட்டார். அது 2009 இல் இடம்பெயர்ந்த வழியில் தொலைந்துபோனது. எங்களிடம் இருப்பது பொலித்தீன் பைக்குள் மடித்துவைத்த நிழற்பிரதி மட்டுமே. இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் முன் அமர்ந்தபோது, அவர் எங்கள் கடிதங்களைப் பிரிப்பதற்கு முன்னரே மேசைக் கலண்டரைத் தன் பக்கம் திருப்பி, பேனை முனையால் நாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். 36 இல் பேனை நின்றது. “ஆறு நாள்தானே தம்பி பிந்தினது” என்றார் அம்மா.

அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை இந்த மனுக்களை நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான கொழும்பு உயர் நீதிமன்றம் ஒன்றுக்கே உரியதாக்கி, அவற்றை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால் அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்பதை அன்றுதான் அறிந்தோம். அதே உறுப்புரை இரண்டு மாதங்களுக்குள் மனுவைத் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆயினும் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் தொடர்பான மனுக்களுக்கு 2023 ஜனவரியில்தான் தீர்ப்புக் கிடைத்தது. நீதிமன்றத்துக்கு இட்ட காலவரை நெகிழ்கிறது, வயல்காரிக்கு இட்டது நெகிழ்வதில்லை.

நீதித்துறையின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மக்கள் தெரிவுசெய்தவர்களின் வேலையை நீதிபதிகள் செய்ய வேண்டியதில்லை. ஆனால் 2018 நவம்பர் 9 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது 12 ஆம் திகதியே மனுக்கள் தாக்கலாகி, 13 ஆம் திகதி இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்து, டிசெம்பரில் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அக்கலைப்புச் செல்லாது என்றார்கள். அவர்கள் ஆட்சி செய்யவில்லை; ஜனாதிபதியின் அதிகாரம் எவ்விடத்தில் முடிகிறது என்றே சொன்னார்கள். அந்த மனுக்களும் இதே 126 ஆம் உறுப்புரையின் கீழ் தாக்கலானவை, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த இரா. சம்பந்தன் ஐயாவும் மனுதாரர்களில் ஒருவர். பாராளுமன்ற ஆசனங்களைக் காத்த அந்தக் கதவு எங்கள் வயலுக்கும் திறந்திருக்க வேண்டாமா?

எல்லை போட வேண்டிய இடங்கள் வேறு. சபாநாயகர் சான்றுரை பொறித்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்ற 80(3) ஆம் உறுப்புரையின் மறைவில் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் பாதுகாப்பாக நிற்கிறது. செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலருகே 2019 செப்ரெம்பரில் நீதிமன்ற உத்தரவையும் மீறி ஒரு பௌத்த பிக்குவின் சிதை மூட்டப்பட்டது. விகாரைக் கட்டுமானம் தொடர்பான குருந்தூர்மலை வழக்கில் உத்தரவிட்ட முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி 2023 இல் உயிரச்சுறுத்தல் என்று கூறிப் பதவி துறந்தார். உத்தரவை எழுதுவதோடு நீதிமன்றத்தின் கை முடிகிறது; நிறைவேற்ற வேண்டியவர் அசையாவிட்டால் நாங்கள் யாரிடம் போவது? இதைப் பாராளுமன்றத்தில் எத்தனை தடவை உரத்துக் கேட்டீர்கள்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நான் கேட்பது புதுமையானதன்று. 13 ஆம் திருத்தத்தின் மூலம் மாகாண மேல் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்கெனவே விசாரிக்கின்றன. காணாமலாக்கப்பட்டவரைத் தேடும் தாயின் மனுவை வவுனியாவில் கேட்க முடியுமென்றால், காணி இழந்தவரின் அடிப்படை உரிமை மனுவையும் அங்கே கேட்கலாம். அதற்கான திருத்தத்தை முன்வையுங்கள். ஒரு மாதக் காலவரையை ஆறு மாதமாக்குங்கள்.

கல் இன்னும் வயலுக்குள் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் இம்முறை விதைத்தோம். அறுவடைக்கு முன், இக்கோரிக்கையை நீங்கள் எழுப்புவீர்களா என்பதை எழுத்தில் அறியத்தருமாறு ஆறு பேரையும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்ட வாக்காளர் ஒருவர்